குளிரைவிட ஈரத்துக்குப் பயப்படு

அன்புத் தங்கச்சிக்கு,

கந்தப்பளைப் பக்கம் பழைய துரை பங்களாவொன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள், அதன் உள்ளே இருக்கும் செடிகளெல்லாம் இனி உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்தது. அந்தப் பங்களாக்களின் பூந்தோட்டங்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்கள் நம்முடைய ஆட்கள். எந்தச் செடியை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் இடம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் இன்னும் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள் என்பதால் அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

குளிர்காலச் செடி பராமரிப்பு என்று நீ சேர்த்துவைத்திருக்கும் குறிப்புகளை முதலில் ஒதுக்கி வை. அவை ஐரோப்பிய வீடுகளுக்கு எழுதியவை. லண்டனில் டிசம்பர்ப் பகல் எட்டு மணித்தியாலம் அளவுதான். வீட்டுக்குள் ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும். அதனால்தான் இலைக்குத் தண்ணீர் தெளிக்கவும் விளக்குப் போடவும் சொல்கிறார்கள். நாம் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறோம். டிசம்பர்ப் பகலும் ஜூன் பகலும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசப்படாது. நம் வெளிச்சத்தைப் பறிப்பது மூடுபனி. காற்றோ ஏற்கனவே நனைந்துதான் கிடக்கிறது. அந்தக் காற்றில் இலைக்குத் தண்ணீர் தெளிப்பது நோயைக் கூப்பிட்டு வைப்பதுதான்.

மலையகம் முழுவதற்கும் ஒரே குளிர்காலம் என்றும் எண்ணாதே. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை இரவுக் குளிர்தான் பிரச்சினை. அறுநூறு மீற்றர் கீழே ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் போனால் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை வெயிலைக் கண்ணில் காட்டாது. அங்கே உள்ளறைச் செடிகள் ஜனவரியில் தாக்குப்பிடித்துவிட்டு ஜூலையில் அழுகும்.

அழுகல் என்ற சொல்லைத்தான் நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டும். குளிரில் வேர் தண்ணீரை இழுப்பது குறைந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடி நிற்கும். பார்ப்பவர்கள் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு கோப்பை ஊற்றுவார்கள். வேர் மூச்சுவிட முடியாமல் கறுத்துப் போகும். இங்கே குளிர்காலத்தில் சாகும் தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் சாகின்றன என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே நாள் கணக்கு வைத்து ஊற்றாதே. தொட்டியைக் கையில் தூக்கிப் பார். கனம் குறைந்திருந்தால் மட்டும் ஊற்று. காலையிலேயே ஊற்று, இரவுக்குள் மேல்மண் காய்ந்துவிடும். பீலித் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றவும் கூடாது. முதல் நாளே வாளியில் பிடித்து அடுப்பங்கரையில் வைத்துக்கொள். ஆபிரிக்க வயலட்டின் இலையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெளிறிய வளையங்கள் விழும், அவை மறையவே மறையாது.

மண் கலவையும் இதோடு சேர்ந்ததுதான். கீழ்நாட்டு நேர்சரிகளிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் தும்புத்தூளில் நட்டிருக்கும். கொழும்பு வெக்கையில் தண்ணீரைப் பிடித்துவைக்க அது நல்லது. நம் மூடுபனியில் அதே தும்புத்தூள் வாரக்கணக்கில் காயாது. பருமணலும் உடைத்த கரித்துண்டும் தாராளமாகக் கலந்துகொள்.

இதையெல்லாம் புதிதாகக் கற்க வேண்டிய நிலையில் நீ இல்லை. அம்மாவுக்குத் தேயிலைக் கொப்புள நோயைத் தெரியும். 1946இல் இலங்கைக்கு வந்த அந்த நோய், இலை நீண்ட நேரம் ஈரமாகவே இருந்தால்தான் கொழுந்தில் பிடிக்கும். வெயில் ஏறினால் அடங்கும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் 1960களின் தொடக்கத்திலேயே வெயில் மணித்தியாலங்களைக் கணக்கிட்டு, மருந்தடிப்பதா விடுவதா என்று சொல்லும் முறையை உருவாக்கினார்கள். அந்தக் கணக்கை நீ ஜன்னலுக்குப் பயன்படுத்து. ஒவ்வொரு ஜன்னலிலும் நாளுக்கு எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்று ஐந்து நாள் குறித்து வை. குறைந்த ஜன்னலில் தண்ணீரையும் குறை, தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வை, வாடிய பூவை அன்றன்றே கிள்ளிவிடு. பிகோனியாவையும் வயலட்டையும் தின்னும் சாம்பல் பூஞ்சணம் உதிர்ந்த பூவில்தான் முதலில் குடியேறும்.

இனி எதை வாங்குவது. செடி எந்த மண்ணில் பிறந்தது என்று கேட்டுவிட்டு வாங்கு. பியூஷியாவில் பெரும்பாலானவை அந்தீஸ் மலைக்காரர்கள். சிம்பிடியம் ஓர்கிட்டுக்கு இமயமலை அடிவாரம். ஜெரேனியமும் கிளைவியாவும் தென்னாபிரிக்காவிலிருந்து வந்தவை. இவற்றையெல்லாம் வாங்கலாம். வெளிச்சம் குறைந்த நடைபாதைக்கு ஆஸ்பிடிஸ்ட்ராவை நம்பலாம், குளிரையும் இருட்டையும் ஒன்றாகத் தாங்கும். அந்தூரியம், அக்லோனிமா, டைஃபன்பாகியா மூன்றையும் முதலாளி கேட்டாலும் மறு. பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியஸுக்குக் கீழே இரவுகள் தொடர்ந்தால் அவற்றின் இலை கறுக்கும். கணப்புக்குப் பக்கத்தில் வைத்தால் தப்பிக்கும் என்று சொல்வார்கள். ஆனால் அங்கே முன்னிரவில் வறண்ட சூடு, நெருப்பு அணைந்த பின் விடியற்காலைக் குளிர். எந்தச் செடிக்கும் அதைவிடக் கொடுமை வேறில்லை.

சந்தேகம் வந்தால் ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போ. 1861இல் சிங்கோனா வளர்ப்பதற்குத் தொடங்கிய இடம் அது. எவை வெட்டவெளியில் நிற்கின்றன, எவற்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு வா. அதற்குப் பிறகு லயத்துப் பக்கம் போய் இஸ்தோப்புகளைப் பார். பால்மா டின்னிலும் ஓட்டைப் பெயின்ட் வாளியிலும் ஜெரேனியம் வருடக்கணக்காகப் பூத்துக்கொண்டிருக்கிறது. டின்னின் அடியில் ஆணியால் குத்திய துளைகள் தண்ணீரை நிற்கவிடாது; கூரை மழையைத் தடுக்கும்; வெளிச்சம் முன்பக்கமிருந்து விழும். நம் பெண்கள் இடமில்லாத இடத்தில் கண்டுபிடித்த முறை இது. உன் பங்களா வராந்தாவில் இதையே செய்.

உறைபனிக்கு ஒரே அடையாளம் போதும். அந்தியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்து, காற்றும் அசையாமல் நின்றால், வராந்தா ஓரத்துத் தொட்டிகளைச் சுவரோரம் இழுத்துவிடு. கண்ணாடியில் இலை ஒட்டி நிற்க விடாதே. சிம்பிடியத்தை மட்டும் உறைபனி படாத கூரைக்கடியில் வெளியிலேயே விட்டு வை. இரவுக் குளிர் படாவிட்டால் அது பூத்தண்டு போடாது.

ஓர்கிட் ஏற்றுவதற்கென்று யாராவது மரப்பன்னத்தின் அடிமரத்தைக் காட்டிலிருந்து வெட்டி வந்து விற்றால் வாங்காதே. கரித்துண்டும் செங்கல் துண்டுமே போதும். ஒரு மரப்பன்னம் ஆளுயரம் வளர எத்தனை வருடம் எடுக்கும் என்று யோசித்தால் கை நடுங்க வேண்டும்.

ஏப்ரல் சீசனுக்கு ஆட்கள் வருவார்கள், அதற்குள் எல்லாம் பூத்திருக்க வேண்டும் என்று ஜனவரியிலேயே உரம் போடச் சொல்வார்கள். குளிர்ந்த வேர் உரத்தை எடுக்காது. உப்பு மண்ணில் தங்கி வேரைச் சுடும். பெப்ரவரி கடைசியில் புதுத் துளிர் தெரிந்த பிறகு அரைவாசி அளவில் தொடங்கு, தொட்டி மாற்றுவதை மார்ச்சுக்கு வை. முதலாளியிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே காட்டு.

அன்புடன்,
உன் அக்கா