காலிப்பர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

மழைக்காலம் முடிந்ததும் நம் சங்க அன்பர்கள் பலர், பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என்னிடம் கேட்பது இது: "மெக்கானிக் பிரேக் காலிப்பரையே மாற்றச் சொல்கிறார். ரப்பர் கிட் மட்டும் போட்டால் போதாதா?" செலவு ஒரு பக்கம்; பிள்ளைகளோடு கண்டாலா மலைப்பாதையில் இறங்க வேண்டியது மறுபக்கம்.

முன்சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிப்பது காலிப்பர். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும். பேடுகள் டிஸ்க்கை அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் அல்ல. அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்தான்.

ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடாகிறதா? வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? முதலில் காலிப்பர் நகரும் பின்களைப் பாருங்கள். அவை இறுகியிருந்தால், சுத்தம் செய்து பிரேக்குக்கு உரிய கிரீஸ் இட்டாலே சரியாகலாம். அடுத்து, இறுகிய சக்கரத்தின் பிளீடர் திருகைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் கோளாறு பெரும்பாலும் ஹோஸில், காலிப்பரில் அல்ல.

அதன் பிறகும் பிடித்திருந்தால் பிஸ்டனைக் கழற்ற வேண்டும். இங்கேதான் முடிவு. சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் கிட் போதும். துருக்குழியில் நகம் தட்டினால் புது சீலும் கசியும். புதுப் பிஸ்டன் தனியாகக் கிடைத்தால் போடலாம், இல்லையேல் காலிப்பரை மாற்றுங்கள். சீல் அமரும் பள்ளம் அரித்திருந்தாலும், பிளீடர் திருகின் மரை போயிருந்தாலும் மாற்றுவதே நல்லது. துளையின் உட்சுவரில் லேசான துரு இருந்தால் அஞ்ச வேண்டாம். சீல் அதன்மேல் உரசுவதில்லை.

பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ் எதுவும் சீலில் படக் கூடாது, ரப்பர் ஊதிவிடும். பேடுகளை இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். வேலை முடிந்ததும் குழாயிலுள்ள காற்றை முழுதும் வெளியேற்ற வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உள்ளிருந்தே துரு பிடிக்க அதுவே காரணம். வண்டியின் கையேடு சொல்லும் காலத்தில், பெரும்பாலும் 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதை மாற்றிவிடுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால் வாதாட வேண்டாம். "பிஸ்டன் திகாயியே" என்று கேளுங்கள். உங்கள் நகமே பதில் சொல்லும்.