மறதியின் கணக்கு: தமிழ் கற்போருக்கு நினைவட்டை அமைத்தல்

ஸ்கூடாயில் வாரம் ஒரு மாலை நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வருவோரில் பெரும்பாலோர் தேசியப் பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், நகைச்சுவை புரியும், சண்டையும் போடுவார்கள். ஆனால் திருமண அழைப்பிதழில் பெயரைக் கண்டுபிடிக்க மலாய் எழுத்து இருக்கும் பக்கத்தைத் திருப்புவார்கள். குளுவாங்கிலிருந்து வந்த பொறியியல் மாணவர் ஒருவர், தாத்தா தோட்டத்திலிருந்து எழுதிய கடிதக் கட்டு வீட்டில் இருப்பதாகவும் அதைப் படிக்க இப்போது ஆளில்லை என்றும் சொன்னார். வகுப்பு வாரத்திற்கு ஒன்றரை மணி நேரம். மீதி ஆறு நாளும் மறதியின் ஆட்சி. அந்த ஆறு நாளுக்காகத்தான் கைப்பேசியில் இயங்கும் நினைவட்டைகளை அமைக்கத் தொடங்கினேன். அந்த வேலையில் கற்றவற்றை இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

மறதிக்குக் கணக்கு உண்டு என்று காட்டியவர் ஹெர்மான் எபிங்காஸ் என்னும் ஜெர்மானியர். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தம்மையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு நாள் கழித்து அதே பட்டியலை மீண்டும் கற்றபோது அவருக்கு மிச்சமான உழைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்து அது ஐந்தில் ஒரு பங்கு. அதாவது முதல் நாளில் மளமளவென்று கொட்டிவிடுகிறது. எஞ்சியது மெதுவாகத்தான் கசிகிறது. ஆகவே முதல் மீள்பார்வை விரைவிலும் அடுத்தடுத்தவை தள்ளித் தள்ளியும் வர வேண்டும்.

1972இல் செபாஸ்டியன் லைட்னர் இதனை ஓர் அட்டைப்பெட்டியால் செய்து காட்டினார். விடை சரியானால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். போலந்தின் பியோத்தர் வோஸ்னியாக் 1987இல் கணினிக்காக வகுத்த கணக்கு இன்னும் நுட்பமானது: முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6 நாள், பின்னர் ஒவ்வொரு முறையும் முந்திய இடைவெளியை ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். அது 2.5இல் தொடங்கி, அட்டை கடினமானால் 1.3 வரை இறங்கும். தடுமாறாத அட்டை 1, 6, 15, 38, 95 என்று தள்ளிப்போகும். 14 வாரப் பருவத்தின் முதல் நாளில் நுழைந்த சொல்லை நான்கு முறை மீண்டும் பார்த்தால் போதும்; ஐந்தாவது முறை அடுத்த பருவத்தில்தான்.

இந்தக் கணக்கை நாமே நிரலாக எழுத வேண்டியதில்லை. 2006இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட ஆங்கி இலவசமாகக் கிடைக்கிறது. 2023இல் அதில் இன்னும் திறமையான புதிய கணக்கும் சேர்ந்தது. உண்மையான வேலை அட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் இருக்கிறது. அங்கே தமிழுக்கென்று சில சங்கதிகள் உண்டு.

முதலாவது எழுத்து. 247 எழுத்துக்கு 247 அட்டை என்பது ஆளை விரட்டும் வழி. உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் 1, புள்ளியும் பிற உயிர்க்குறிகளும் 10 ஆகியவற்றோடு, ஒழுங்குக்கு அடங்காத உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளைச் சேர்த்தால் 77 அட்டைதான். அவற்றையும் தனி எழுத்தாகக் காட்டாமல் சொல்லுக்குள் வைத்தேன். கடல், பகல், தங்கம், பக்கம் ஆகியவற்றில் ககரம் வெவ்வேறாக ஒலிப்பதை நம் மாணவருக்கு விளக்கத் தேவையில்லை; அவர்கள் வாய்க்கு அது பிறவியிலேயே தெரியும். முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் குரல். ரூமி எழுத்துக்கு இடமே கொடுக்கவில்லை. வால், வாள், வாழ் மூன்றின் இறுதியையும் ரூமியில் ஒரே மாதிரி எழுதிப் பழகியவர்களுக்கு அது ஊன்றுகோல் இல்லை, விலங்கு. இம்மூன்றையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்துவதும் கூடாது. ஒத்த வடிவங்கள் ஒன்றையொன்று குழப்பும். இடையே ஒரு வாரமாவது வேண்டும்.

இரண்டாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வெளிநாட்டவருக்கான சொல்லட்டைகள் நம்மவருக்குப் பொருந்தாமல் போவது இங்கேதான். 'இலை' என்றால் என்ன என்று நம் மாணவரைக் கேட்பது வீண். அவருக்குத் தெரிந்தது 'எலை'. அதை எழுத்தில் எப்படித் தேடுவது என்பதுதான் அவர் சிக்கல். எனவே முன்பக்கத்தில் பேச்சொலி, பின்பக்கத்தில் எழுத்து வடிவம்: எலை – இலை, எடம் – இடம், கொடம் – குடம், ஒடம்பு – உடம்பு. நான்கு அட்டை முடிந்ததும் பெரும்பாலோர் தாமாகவே ஒழுங்கைப் பிடித்துக்கொள்கிறார்கள்: எழுத்தில் இகரமாக இருப்பது பேச்சில் எகரமாகிறது, உகரம் ஒகரமாகிறது. பிறகு 'பொடவை' போன்றவற்றுக்கு அட்டையே வேண்டாம். மனனம் செய்ய வேண்டியதைக் குறைப்பதே நல்ல அட்டையின் வேலை என்பது என் கருத்து.

வினைச்சொல் வேறு கதை. நில், செல் என்பன நின்றான், சென்றான் ஆகும். கல், வில் என்பன கற்றான், விற்றான் ஆகும். வேரை மட்டும் அட்டையில் எழுதினால் பயனில்லை. சிறு வாக்கியத்தில் ஒரு கோடிட்ட இடம் விட்டு, 'அவன் நேற்றுப் பேருந்து நிலையத்தில் ______ (நில்)' என்று கேட்கிறோம். ஓர் அட்டைக்கு ஒரே கேள்வி.

விடையைத் தட்டெழுதச் சொன்னால் ஒருங்குறியின் குறும்பு தொடங்கும். 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. குறியீட்டைக் குறியீட்டோடு அப்படியே ஒப்பிட்டால் சரியான விடை தவறாகிவிடும். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவமாக்க வேண்டும். 'ஔவை' என்பதற்குப் பதில் ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்து 'ஒளவை' என்று எழுதுவோருக்கு இந்த மாற்றமும் உதவாது. அதைத் தனியே கவனித்துச் சுட்டிக்காட்ட வேண்டும். நம் நாட்டு முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இலேயே கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்துவிட்டது. ஆகவே தட்டெழுத வழியில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

நாள்தோறும் எத்தனை புதிய அட்டை? பத்து என்று வரம்பு வைத்தேன். அறுபது நாள் கடந்தால் புதியவை பத்தும் பழையவை நாற்பதும் சேர்ந்து ஐம்பதாகும். அட்டைக்கு எட்டு விநாடி என்றால் ஏழு நிமிடத்தில் முடியும். தவறியவை திரும்பி வருவதால் உண்மையில் பத்து நிமிடம். முப்பது புதிய அட்டை என்று ஆவலாகத் தொடங்குவோர் இரண்டாம் மாதத்தில் தினமும் நூற்றைம்பதைச் சந்திக்க வேண்டும். தீபாவளி விடுமுறைக்கு முன்பே புதிய அட்டைகளை நிறுத்திவிடுவதும் அவசியம். முறுக்கு சாப்பிட்டுவிட்டு வந்தவரை முந்நூறு அட்டை வரவேற்றால் செயலியை அழித்துவிடுவார்.

நண்பர்களே, இவையெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். அகராதி வருமுன் நம்மவர் சொற்பொருளைச் செய்யுளாக்கி மனனம் செய்ய நிகண்டு படைத்தனர். 13ஆம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இருமுறை கேட்டால் பிழை அருகும், மும்முறை கேட்டால் முறையறிந்து சொல்ல வரும் என்கிறார். ஆசிரியரிடம் நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோருடன் பழகினால் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்றும் பங்கு பிரிக்கிறார்.

அந்த அரைப் பங்கை எந்தச் செயலியும் தருவதில்லை. எனவே வகுப்பில் ஓர் ஏற்பாடு செய்தோம். பருவ முடிவில் ஒவ்வொருவரும் அடுத்த அணியினருக்காகப் பத்து அட்டை எழுதித் தம் குரலில் பதிவு செய்ய வேண்டும். குளுவாங் மாணவரின் பத்தும் தாத்தாவின் கடிதங்களிலிருந்து எடுத்த சொற்கள். 'நலம், நலமறிய ஆவல்' என்பது முதல் அட்டை. மூன்றாவதில் ஒரு சொல்லின் மை அழிந்திருந்ததால் அதை இன்னும் பதிவு செய்யவில்லை. பாட்டியிடம் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.