முகாமுக்கு உதவப் போகும் பிள்ளைகளுக்கு

செஞ்சியிலிருந்து கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்கு உதவப் போவதாகச் சொன்னீர்கள், மனசு நிறைந்தது. இதை மட்டும் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

1. சட்டத்தைப் படியுங்கள். பிரிட்டனில் குடியுரிமை கேட்பவர் 24 கேள்விகளில் 18-க்குச் சரியாக விடை எழுத வேண்டும். இங்கே அப்படித் தேர்வு கிடையாது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்பவை, தங்கியிருந்த ஆண்டுகளும் நன்னடத்தையும் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றில் போதிய அறிவும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆனால் உயிருக்குப் பயந்து, உரிய ஆவணமில்லாமல் படகேறி வந்தவர்களைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. வழியை அடைப்பது அதுதான்.

2. முதலில் பிறந்த தேதியையும் பிறந்த ஊரையும் கேளுங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலை 1 முதல், 2004 டிசம்பர் 3-க்கு முன்வரை இங்கே பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். தன் உரிமை தெரியாமலே ஒருவர் முகாமில் இருக்கக்கூடும்.

3. பாட்டன் எந்த ஊர் என்று கேளுங்கள். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி, மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். பாட்டன் அப்போது இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தால் அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து, வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

4. காகிதங்களைக் காப்பாற்றிக் கொடுங்கள். பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, முகாம் பதிவு எல்லாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழையிருந்தால் இப்போதே திருத்த மனுக் கொடுங்கள்.

5. பொய்ச் சான்றுக்குத் துணை போகாதீர்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது. பிறந்த ஊரை மாற்றிச் சொல்லி, தரகர் வழியாகக் கடவுச்சீட்டு எடுத்தால் குடும்பமே வழக்கில் சிக்கும்.

6. ஆசை காட்டாதீர்கள். 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு உரிய ஆவணமில்லாமல் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு வந்தது. அது குடியுரிமை ஆகாது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பொய் நம்பிக்கையில் காத்திருந்து இளைத்தவர்கள் அவர்கள்.

7. இருப்பதா, திரும்புவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும். திரும்ப நினைப்பவர்களின் பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவு வேண்டும்; சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு மனு எழுத உதவுங்கள்.

8. நம் ஊரை நினைத்துப் பாருங்கள். செஞ்சிக் கோட்டையை நாயக்கர், பீஜப்பூர்ப் படை, மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர் என்று எத்தனை பேர் ஆண்டார்கள்! வீட்டில் தெலுங்கும் உருதும் பேசுகிறவர்கள் இன்று நம்மோடு வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள். அவர்களை யாரும் அந்நியராக நினைப்பதில்லை. தமிழே பேசி, நாற்பது ஆண்டாக நம் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை. சட்டம் மாற வேண்டும் என்று உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். அதுவரை, வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் கல்யாணத்துக்கு அழைக்கும்போதும் அவர்களை விட்டுவிடாதீர்கள். அதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை.