நிறுத்தும் தேதியையும் எழுதுங்கள்

பக்கவாத வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு:

1. சி.டி. பார்க்கும்வரை ஆஸ்பிரினைத் தொடாதீர்கள். அடைப்பா, கசிவா என்பதைக் கட்டிலருகே நின்று ஊகிக்க முடியாது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருந்தால் 24 மணி நேரம் பொறுத்து இன்னொரு சி.டி.; அதில் கசிவு இல்லையென்றால்தான் மாத்திரை.

2. மாத்திரை கொடுக்குமுன் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். இருமினால் மூக்குக் குழாய்தான்.

3. நாடியைப் பிடியுங்கள். தாறுமாறாக ஓடி, ஈ.சி.ஜி.யும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் ஆஸ்பிரின் வகையறா போதாது, ஆன்டிகோயாகுலன்ட் வேண்டும். எந்த நாளில் தொடங்குவது என்பதை யூனிட் சீஃபிடம் கேளுங்கள்.

4. சிறிய பக்கவாதம் (என்.ஐ.எச். மதிப்பெண் 3 வரை), ஆபத்து மிகுந்த டி.ஐ.ஏ. இரண்டுக்கும் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரலையும் சேர்த்து, கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். க்ளோபிடோக்ரல் முதல் டோஸ் 300 மி.கி., பிறகு தினம் 75. எத்தனை நாள்? இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். 2013இல் வெளியான சீனாவின் சான்ஸ் ஆய்வில் இரண்டும் சேர்ந்து ஓடியது 21 நாள்தான். 2018இன் பாயின்ட் ஆய்வில் 90 நாள் கொடுத்தார்கள். பலன் பெரும்பாலும் முதல் மூன்று வாரத்திலேயே கிடைத்துவிட்டது, ரத்தக்கசிவு ஆபத்து மட்டும் தொடர்ந்தது. அதற்கும் முன்பே, 2004இல், நீண்டகாலக் கூட்டு உயிருக்கு ஆபத்தான கசிவைக் கூட்டும் என்று மேட்ச் ஆய்வு காட்டிவிட்டது. ஆனாலும் வருஷக்கணக்கில் இரண்டையும் விழுங்குகிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஒரே கேப்சூலில் இரண்டும் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? டிஸ்சார்ஜ் சீட்டில் ‘இந்தத் தேதிவரை இரண்டும், பிறகு இது மட்டும்’ என்று தமிழில் எழுதுங்கள். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யாரோ, அவரிடமும் சொல்லுங்கள்.

5. பெரிய பக்கவாதத்துக்கு ஒற்றை மாத்திரை போதும். ஆஸ்பிரினா க்ளோபிடோக்ரலா என்று மணிக்கணக்கில் வாதிடாதீர்கள், வித்தியாசம் சொற்பம். வயிற்றுப்புண், ஆஸ்துமா, விலை பார்த்து முடிவெடுங்கள்.

6. மூளைக்குள்ளேயே ரத்தக்குழாய் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் கூட்டை 90 நாள்வரை நீட்டலாம். இந்தச் சுருக்கம் வெள்ளையரைவிட ஆசியர்களிடம் அதிகம்.

7. க்ளோபிடோக்ரல் கல்லீரலில் மாறினால்தான் வேலை செய்யும். ஒமெப்ரசோல் அதைத் தடுக்கும், பான்டோப்ரசோல் எழுதுங்கள். பக்கவாதமோ டி.ஐ.ஏ.வோ வந்தவருக்குப் பிராசுக்ரல் கூடவே கூடாது, ஸ்டென்ட் வைத்த டாக்டர் கேட்டாலும் சரி.

8. பல் பிடுங்கப் போகிறவர் தானாகவே மாத்திரையை நிறுத்திவிடுவார். பெரும்பாலும் தேவையில்லை, பல் டாக்டரை நம்மிடம் பேசச் சொல்லுங்கள்.