எந்தக் கச்சான், பெரியம்மா?

பிள்ளைகளே, இந்தப் பாடத்தை எழுதும் நானும் உங்களைப் போலத்தான். நான்கு வயதில் கனடாவுக்கு வந்தேன். இங்கேதான் படித்தேன். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போனேன், பாதி நாள் அழுதுகொண்டுதான்! இப்போது மென்பொருள் எழுதும் வேலை செய்கிறேன். எங்கள் வேலையில் எதையும் திட்டம் போடாமல் தொடங்க மாட்டோம். அதனால் ஒரு விடுமுறைக்குத் திட்டம் போடுவது எனக்குச் சின்ன விஷயம் என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் நாலு பேர். நாலு பேருக்கும் நாலு ஆசை. மகளுக்குக் கடலுக்குள் சுறா பார்க்க வேணும். மகனுக்கு மண்ணில் குழி தோண்டினால் போதும். அப்பாவுக்கு ஒரு மர நிழலும் ஒரு புத்தகமும் வேணும். எனக்கு என் பெரியம்மாவைப் பார்க்க வேணும். அவர் திருகோணமலையில் இருக்கிறார். திருகோணமலை இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள ஊர். அங்கே உப்புவெளி, நிலாவெளி என்று நீண்ட மணல் கரைகள் இருக்கின்றன. நிலாவெளிக்கு முன்னால், கரையிலிருந்து சுமார் 1 கிலோமீற்றர் தூரத்தில், புறாத் தீவு இருக்கிறது. மாடப்புறாக்கள் வாழ்வதால் அந்தப் பெயர். தீவைச் சுற்றி முருகைக்கல் பாறைகள். 2003ஆம் ஆண்டு அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள்.

ஆறுதலாகவும் இருக்கலாம், கொஞ்சம் துணிச்சலாகவும் ஏதாவது செய்யலாம். இதைவிட நல்ல இடம் வேறு எது?

நான் கணினியில் ஒரு பெரிய அட்டவணை செய்தேன். ஆறுதலான வேலைகளுக்கு நீல நிறம். துணிச்சலான வேலைகளுக்குச் சிவப்பு நிறம். பயண நாள் டிசம்பர் 20. ஏன் டிசம்பர்? கனடாவில் அப்போது குளிர். இங்கே எல்லோரும் டிசம்பரில்தான் கியூபாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் கடல் குளிக்கப் போகிறார்கள். ஆகவே இலங்கைக்கும் அதுதான் சரியான காலம் என்று நினைத்தேன். விமானச் சீட்டு எடுத்த பிறகுதான் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“எப்ப வாறியள் பிள்ளை?” என்று கேட்டார்.

“டிசம்பர், பெரியம்மா.”

“மார்கழியிலையோ? மார்கழியிலை வாடை கூட, பிள்ளை.”

தொலைபேசியில் சத்தம் விட்டு விட்டுத்தான் கேட்டது. எனக்குக் கேட்டது, “வாடகை கூட.” விடுமுறைக் காலத்தில் அறை வாடகை கூடத்தானே இருக்கும்!

“பரவாயில்லை பெரியம்மா. கூடவெண்டாலும் நாங்கள் குடுப்பம்” என்றேன்.

பெரியம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சரி, வாங்கோ” என்றார்.

நாங்கள் போய் இறங்கிய நாளிலிருந்து மழை. கடல் நீல நிறமாக இல்லை, தேத்தண்ணி நிறமாக இருந்தது. அலை கரையில் வந்து அடித்த சத்தத்தில் இரவில் நித்திரை வரவில்லை. படகுகளை எல்லாம் மேலே இழுத்துத் தென்னை மரங்களில் கட்டியிருந்தார்கள். புறாத் தீவுக்குப் படகு இல்லை. மகள் தினமும் காலையில் கரைக்குப் போய், தூரத்தில் தெரிந்த தீவைப் பார்த்துவிட்டு வந்து பேசாமல் இருந்தாள். பெரியம்மா எங்களைத் தண்ணீரில் கால் நனைக்கக்கூட விடவில்லை. பெரிய அலைகள் கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக வேண்டுமே. அது ஓர் இடத்தில் சேர்ந்து ஆறு போல உள்ளே ஓடும். அந்த ஓட்டத்தில் அகப்பட்டால் நன்றாக நீந்தும் ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஐந்தாம் நாள் பெரியம்மா கேட்டார், “வாடை கூட எண்டு சொன்னனான். நீ காசு குடுப்பம் எண்டாய். காத்துக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம் எண்டு நானும் யோசிச்சனான்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாடை என்றால் வடக்குப் பக்கத்திலிருந்து வரும் காற்று!

*

தமிழில் காற்று என்று ஒரு சொல் மட்டும் இல்லை. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்து வேறு வேறு பெயர் சொல்வார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை. தெற்கிலிருந்து வந்தால் தென்றல். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். மேற்கிலிருந்து வந்தால் கோடை. இவை மிகப் பழைய பெயர்கள். இலங்கையில் மீன் பிடிக்கும் ஆட்களிடம் கேட்டால், தெற்குக் காற்றைச் சோளகம் என்றும் சொல்வார்கள். (மேற்குக் காற்றுக்கும் இன்னொரு பெயர் இருக்கிறது. அது கொஞ்சம் பொறுத்து வரும்.)

ஏன் இத்தனை பெயர்? ஏனென்றால், இலங்கையில் காற்றுத்தான் கடலை மாற்றுகிறது. படம் ஒன்று வரைந்து பாருங்கள். நடுவில் இலங்கை, மேலே இந்தியா. மே முதல் செப்ரெம்பர் வரை ஆசியாவின் பெரிய நிலம் சூடாகிறது. சூடான காற்று மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று ஓடி வருகிறது. அது இலங்கைக்குத் தென்மேற்கிலிருந்து வருகிறது. காலி, ஹிக்கடுவை உள்ள பக்கத்தில் அலை பெரிதாகிறது. நடுவில் உள்ள மலைகளில் அந்தக் காற்று மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாகக் கிழக்குக் கரைக்கு வருகிறது. அங்கே கடல் அமைதியாக இருக்கிறது.

டிசம்பரில் எல்லாம் தலைகீழ். நிலம் குளிர்ந்துவிடும். காற்று வடகிழக்கிலிருந்து, வங்காள விரிகுடாவைத் தாண்டி, ஈரத்தோடு வந்து திருகோணமலையில் மோதும். இலங்கையில் இதை வடகீழ்ப் பருவக்காற்று என்கிறார்கள். நாங்கள் திருகோணமலையில் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்த அதே கிழமை, காலிப் பக்கத்தில் ஆட்கள் நல்ல வெயிலில் கடல் குளித்துக்கொண்டு இருந்தார்கள்! ஒரே தீவு, ஆனால் இரண்டு கடல். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களில் சிலர் இதற்காகவே தங்கள் கடல் குழம்பும் காலத்தில் கிழக்குக் கரைக்கு வந்து, வாடி அடித்துத் தங்கி, மீன் பிடித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அவர்களிடம் என்னுடையதைப் போல நிற அட்டவணை எதுவும் இல்லை.

*

இரண்டு வருடம் கழித்து மீண்டும் திட்டம் போட்டோம். இந்த முறை முதலில் பெரியம்மா, பிறகுதான் விமானச் சீட்டு.

“ஆடி மாசம் வாறம் பெரியம்மா. ஜூலை. கடல் எப்பிடி?”

“கடல் தட்டு மாதிரி இருக்கும். ஆனா கச்சான் அடிக்கும். அந்தக் காத்தடிச்சுப் போட்டு மிதக்கிற சாமான் ஒண்டும் கொண்டுவராதை.”

பக்கத்தில் நின்ற மகன் துள்ளினான். “கச்சானா? எனக்கு விருப்பம்!” கச்சான் என்றால் எங்கள் வீட்டில் வறுத்துச் சாப்பிடும் கச்சான்தான். தமிழ்நாட்டில் அதைக் கடலை, வேர்க்கடலை என்பார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் நான் ஒரு முறை சூடு பட்ட ஆள் அல்லவா? கேட்டேன்:

“எந்தக் கச்சான், பெரியம்மா?”

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும் பெயர் கச்சான்.

இந்த முறை அட்டவணையும் வேறு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிவப்பு, அதுவும் காலையில். மிச்சம் எல்லாம் நீலம். முதல் நாள் முழுக்க நீலம், ஏனென்றால் கொழும்பிலிருந்து திருகோணமலைக்குச் சுமார் 260 கிலோமீற்றர், வானில் 6 மணித்தியாலம் போனது. விமானப் பயணத்துக்குப் பிறகு அது பெரிய தூரம். எதுவும் செய்யாமல் இருக்கவும் ஒரு நாள் ஒதுக்க வேணும் என்பது நான் பிந்திப் படித்த பாடம்.

இரண்டாம் நாள் விடியக் காலையில் புறாத் தீவு. கடல் உண்மையாகவே தட்டுப் போல இருந்தது. எல்லோரும் மிதவைச் சட்டை போட்டுப் படகில் ஏறினோம். வெயிலுக்கு நீளக் கைச் சட்டை போட்டோம். உடம்பில் பூசும் சில வெயில் கிறீம்கள் தண்ணீரில் கரைந்து முருகைக்கல்லைக் கெடுக்கும். முருகைக்கல் கல் இல்லை, பிள்ளைகளே. அது மிகச் சின்ன உயிர்கள் பல சேர்ந்து கட்டும் வீடு. ஒரு ஆள் அதில் ஏறி நின்றால், பல வருடம் வளர்ந்தது ஒரு நொடியில் உடைந்துவிடும். அதனால் களைத்தால் மிதக்க வேணும், நிற்கக் கூடாது. இதை மகளுக்குப் படகுக்கார அண்ணா மூன்று முறை சொன்னார்.

மகள் ஸ்நோர்க்கல் குழாயைக் கடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். கீழே, செட்டை நுனியில் கறுப்புப் பூசியது போல ஒரு சுறா! அவளைவிடக் கொஞ்சம் நீளம் குறைவு. எங்களைப் பார்த்துப் பயந்து, வளைந்து போய்விட்டது. இந்த வகைச் சுறா கூச்சமுள்ளது. ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் இரண்டு வருடம் காத்திருந்த நிமிடம் அது. படகில் ஏறிய பிறகும் அவள் பேசவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாட்களில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினோம். ஒரு மாலை கோணேசர் கோயிலுக்குப் போனோம். கடலுக்கு மேலே உயரமான பாறையில் இருக்கிறது அந்தக் கோயில். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இதைப் பற்றித் தேவாரம் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களை வைத்துக் கோட்டை கட்டினார்கள். இப்போது கோயிலுக்குப் போகும் வழி அந்தக் கோட்டைக்குள்ளேதான். வழியில் புள்ளிமான்கள் நிற்கும். இந்தக் கரைக்குக் கிட்டவே கடலுக்கு அடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால், நீலத் திமிங்கிலங்கள்கூட இந்தப் பக்கம் வருவது உண்டு. மகன் பாறையில் நின்று நெடுநேரம் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் நடந்ததைத்தான் நான் மறக்க மாட்டேன்.

நாங்கள் காற்றடித்து மிதக்கும் வளையம் கொண்டுபோகவில்லை. ஆனால் மகன் கடையில் ஒரு பெரிய பிளாஸ்ரிக் பந்து வாங்கியிருந்தான். பந்து மிதக்கிற சாமான்தானே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது உருண்டு தண்ணீரில் விழுந்தது. கரையில் தண்ணீர் அசையவே இல்லை. மரங்கள் காற்றை மறைத்ததால் அங்கே காற்று இருப்பதும் தெரியவில்லை. பந்து மெல்ல மெல்லத் தள்ளிப் போனது. மகன் அழத் தொடங்கினான். அப்பா தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பளவு. நெஞ்சளவு. அவர் ஓர் அடி போக, பந்து மூன்று அடி போனது. நீந்தத் தொடங்கினார்.

“தம்பி, விடு! திரும்பி வா!” பெரியம்மா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. “கச்சான் கொண்டுபோகுது! போகட்டும், விடு!”

அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் நினைத்ததைவிடக் கரை தூரத்தில் இருந்தது. நல்ல வேளை, உடனே திரும்பினார். திரும்பி வர, போனதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. கரையில் வந்து இருந்து மூச்சு வாங்கினார். நாங்கள் எல்லோரும் பந்தைப் பார்த்தோம். மரங்களைத் தாண்டிய பிறகு காற்று அதை நன்றாகப் பிடித்துக்கொண்டது. சிவப்புப் புள்ளி ஆனது. பிறகு தெரியவில்லை.

கிழக்குக் கரையில் கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அதனால்தான் அலை இல்லை. அதனால்தான் மிதக்கும் எதையும் அது வெளியே கொண்டுபோகும். கடல் அமைதியாக இருந்ததும் பந்து போனதும் ஒரே காற்றால்தான்.

மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “வளையம் கொண்டுவந்திருந்தால் நான் அதற்குள் இருந்திருப்பேன்” என்றான். பெரியம்மா அவனை மடியில் இருத்தினார். அந்த நேரம் ஒரு ஐயா வண்டியில் கச்சான் வறுத்துக்கொண்டு வந்தார். பெரியம்மா ஐந்து சரை வாங்கினார். சூடாக இருந்தது.

“எந்தக் கச்சான் இது?” என்று கேட்டார்.

“சாப்பிடுற கச்சான்!” என்றான் மகன். வாய் நிறையக் கச்சான்.

சொற்கள்

ஆறுதலாக – அவசரப்படாமல், மெதுவாக
கூட – அதிகம் (“வாடை கூட”). தமிழ்நாட்டிலும் பிற இடங்களிலும் “நானும் கூட” என்பது போலவும் வரும்.
முருகைக்கல் – பவளப்பாறை
வாடி – மீனவர்கள் கடற்கரையில் போடும் தற்காலிகக் குடில்
சரை – கடதாசியைச் சுருட்டிச் செய்த பொட்டலம்
செட்டை – மீன் நீந்த உதவும் உறுப்பு. துடுப்பு என்றும் சொல்லலாம்
பின்னேரம் – மாலை

பயிற்சி

1. பெரியம்மா சொன்னது என்ன? எழுதியவருக்குக் கேட்டது என்ன? இரண்டு சொற்களையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

2. இலங்கைப் படம் வரையுங்கள். ஜூலைக் காற்றுக்கு ஓர் அம்பு, டிசம்பர்க் காற்றுக்கு ஓர் அம்பு போடுங்கள். எந்த மாதம் எந்தக் கரையில் குளிக்கலாம்?

3. அப்பா இன்னும் கொஞ்சம் நீந்தியிருந்தால் பந்தைப் பிடித்திருப்பாரா? உங்கள் எண்ணத்தை நாலு வசனத்தில் எழுதுங்கள்.

4. “கடலைப் பார்த்தேன்”, “கடலையைப் பார்த்தேன்.” எது தண்ணீர், எது தின்பது? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

5. தமிழ்நாட்டில் சிலர் “வாடை” என்றால் மணம், நாற்றம் என்றும் சொல்வார்கள். உங்கள் வகுப்பில் ஒவ்வொருவர் வீட்டிலும் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டு எழுதுங்கள்.

6. ஊரில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் ஒருவருக்குத் தொலைபேசி எடுங்கள். “இப்ப அங்கை என்ன காத்து?” என்று கேளுங்கள். விளங்காத சொல் வந்தால், “எந்த…?” என்று திரும்பக் கேளுங்கள். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் சொல்லுங்கள்.