எதிர்ப்பை அடக்கும் கிருமி

கேள்வி: சம்பா நெல்லில் இலை நுனியிலிருந்து ஓரத்தோடு காய்ந்துகொண்டே இறங்குகிறது. பாக்டீரியா இலைக்கருகல் என்கிறார்கள். செடிக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி உண்டாமே, பிறகு ஏன் தோற்கிறது? மேலுரமாக இன்னும் கொஞ்சம் யூரியா போட்டால் தேறுமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் அது பாக்டீரியாதானா என்று பாருங்கள். கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, வெட்டுவாய் மூழ்கும்படி கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் வையுங்கள். சில நிமிடங்களில் பால் கலங்கியதுபோல் இறங்கினால் சந்தேகமே வேண்டாம், சாந்தோமோனாஸ் ஒரைசே.

இலையோரத்தில் நீர் கசியும் துளைகள், காயங்கள் வழியாக இது நுழைகிறது. நீர்க்குழாய்களில் தங்கிப் பெருகுகிறது. செல் சுவரைக் கரைக்க நொதிகளைச் சுரக்கிறது. இங்கேதான் அதற்குச் சிக்கல். சுவர் சிதைவதை நெற்பயிர் உணர்ந்துகொள்கிறது. உடனே எதிர்ப்பை முடுக்கிவிடுகிறது. அதாவது, உள்ளே வரப் பயன்படுத்திய ஆயுதமே கிருமியைக் காட்டிக்கொடுக்கிறது.

அதற்கும் கிருமியிடம் வழி உண்டு. இன்ஜெக்‌ஷன் ஊசி போன்ற நுண்குழல் வழியே தன் புரதங்களை நேரே செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தில் ரமேஷ் சோண்டி குழுவினர் இதைத் துருவிப் பார்த்தார்கள். ஸாப்-என், க்யூ, எக்ஸ், இசட் என்ற நான்கு புரதங்களையும் ஒருசேர இழந்த கிருமியால் நெல்லின் எதிர்ப்பை அடக்க முடியவில்லை. 2013-இல் வெளியான முடிவு இது.

அடக்குவதோடு நிற்பதில்லை என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. அதே குழல் வழியே கிருமி செலுத்தும் டேல் வகைப் புரதங்கள் செல்லின் உட்கருவுக்கே போய், சர்க்கரையை வெளியேற்றும் 'ஸ்வீட்' மரபணுக்களை இயக்கிவிடுகின்றன. கிருமிக்குச் சாப்பாடும் செடியின் செலவில்தான்!

இதை முறியடித்த ரகமும் இருக்கிறது. ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பிபிடி 5204-இல் எக்ஸ்ஏ-21, எக்ஸ்ஏ-13, எக்ஸ்ஏ-5 என மூன்று எதிர்ப்பு மரபணுக்களை கலப்பினச் சேர்க்கை மூலம் சேர்த்து, 2008-இல் 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' வெளியானது. எக்ஸ்ஏ-21 கிருமியை அடையாளம் காணும். எக்ஸ்ஏ-13 இருந்தால் ஒரு ஸ்வீட் மரபணு கிருமியின் ஏவலுக்குப் பணியாது. இந்த ரகம் மரபணு மாற்றுப் பயிர் அல்ல. அந்தப் பயம் வேண்டாம்.

அடுத்த பட்டத்துக்கு எதிர்ப்பு ரக விதை கிடைக்குமா என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள். அது கிருமிக்குத் திறந்த வாசல். நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள். தழைச்சத்து கூடினால் இந்த நோய் இன்னும் தீவிரமாகும். ஆகவே, யூரியா இப்போது வேண்டவே வேண்டாம்.