வழி சொன்னவர் என்ன ஆனார்?
ஓர் இளம் நிருபருக்குக் கடிதம்



கேரி ஃபாக்னரைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். கொலராடோவைச் சேர்ந்த கட்டடத் தொழிலாளி. கைத்துப்பாக்கி, நாற்பது அங்குல வாள், இருட்டில் பார்க்கும் கருவி எல்லாம் எடுத்துக்கொண்டு பின்லேடனைப் பிடிக்கக் கிளம்பி, 2010 ஜூனில் பாகிஸ்தானின் சித்ரால் மலைப்பகுதியில் பிடிபட்டவர். நல்ல கதை. தேதிகளைச் சரிபார்த்திருக்கிறாய், நடையும் ஓடுகிறது. ஆகவே நேராக என் கோபத்துக்கு வருகிறேன்.

கட்டுரை முழுக்க நீ அந்த மனிதரின் முதுகுக்குப் பின்னாலேயே நடக்கிறாய். அவர் பார்த்ததை மட்டும் பார்க்கிறாய். சித்ராலின் பம்புரெட் பள்ளத்தாக்கு உன் எழுத்தில் பாறையும் பனியும் தாடியுமாக இருக்கிறது. ஊர்க்காரர் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஃபாக்னர் தங்கிய விடுதியில், வெளிநாட்டுக்காரர் என்பதால், பாதுகாப்புக்கு ஒரு போலீஸ்காரரைப் போட்டிருந்தார்கள். அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ராத்திரியில் நழுவினார் ஃபாக்னர். மணிக்கணக்கில் தேடித்தான் காட்டில் அவரைக் கண்டுபிடித்தார்கள். இந்த இடத்தை நீ சாகசமாக எழுதியிருக்கிறாய். அமெரிக்கர் ஒருவர் அந்தக் காட்டில் செத்துக் கிடந்திருந்தால், அந்தப் போலீஸ்காரர் கதி என்ன, அறை கொடுத்த விடுதிக்காரர் கதி என்ன? இந்தக் கேள்வி உனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்தது பின்லேடன் தலைக்கு வைத்த பரிசுப் பணம். 2.5 கோடி டாலர் என்று திரும்பத் திரும்ப எழுதி, சாமானியர்களும் களத்தில் இறங்கினால் என்ன தப்பு என்று முடிக்கிறாய். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று பார்த்தாயா? அமெரிக்க வெளியுறவுத் துறை 1984 முதல் நடத்தும் பரிசுத் திட்டம் தகவலுக்குத்தான் பணம் தருகிறது. நியூயார்க் உலக வர்த்தக மையக் குண்டுவெடிப்புக்காகத் தேடப்பட்ட ராம்ஸி யூசுஃப் 1995-ல் இஸ்லாமாபாத்தில் பிடிபட்டது, அவரோடு பழகிய ஒரு மாணவர் வாய் திறந்ததால். 2003 ஜூலையில் மோசுலில் சதாம் உசேனின் இரு மகன்களும் ஒளிந்திருந்த வீட்டைச் சொன்னவருக்கு 3 கோடி டாலர் போயிற்று. அந்தத் திட்டத்துக்கு வெளியேயும் இதே கதைதான்: தபாலில் குண்டு அனுப்பிய யூனபாமரை அடையாளம் கண்டது அவருடைய சொந்தத் தம்பி. கிடைத்த பணத்தைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கே கொடுக்க முனைந்தார். எல்லாரும் பக்கத்தில் இருந்தவர்கள். வாளை எடுத்துக்கொண்டு மலை ஏறியவர் ஒருவரும் இல்லை. அட்லாண்டா ஒலிம்பிக்கில் குண்டு வைத்த எரிக் ருடால்ஃபின் தலைக்கு 10 லட்சம் டாலர் விலை வைத்தும், வட கரோலினாக் காடுகளில் ஐந்து வருஷம் அவர் அகப்படவில்லை. கடைசியில் 2003-ல் ஒரு மளிகைக் கடையின் பின்புறம், குப்பைத் தொட்டியருகே, ரோந்து போன இளம் போலீஸ்காரர் கண்ணில் பட்டார்.

ஃபாக்னரை எழுதுகிறவன் ஜோனாதன் ஐடெமாவை எப்படி விட முடியும்? ஒரு காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்தவர். பிறகு எந்தப் பதவியும் இல்லாமல் காபூலில் ஒரு வீட்டைப் பிடித்துச் சொந்தமாகச் சிறை நடத்தினார். உடுப்பும் தோரணையும் கண்டு, நேட்டோ படையினரே நம்பி அவருடைய சோதனைகளுக்கு உதவினார்கள். 2004 ஜூலையில் ஆப்கன் போலீஸ் உள்ளே நுழைந்தபோது எட்டு ஆப்கானியர்கள் அடைபட்டிருந்தார்கள். சிலரைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நீதிமன்றம் பத்து வருஷம் தண்டித்தது; 2007-லேயே மன்னிப்பு பெற்று நாட்டை விட்டுப் போய்விட்டார். பரிசுக்காகத் தனியாள் செய்யும் வேட்டை போய்ச் சேரும் இடம் அந்த வீடு. ஃபாக்னர் யாரையும் தொடவில்லை என்பது உண்மை. அவருக்கு அதற்கு வாய்ப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று நீ நினைக்கலாம். தொண்ணூறுகளில் கொளத்தூர், சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலை என்று செய்திக்காக அலைந்தவன் நான். வீரப்பன் தலைக்கு வைத்த விலை ஏறிக்கொண்டே போன காலம். ஜீப் எடுத்துக்கொண்டு, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கீழ்நாட்டிலிருந்து இளவட்டங்கள் வருவார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, பணம் வந்தால் என்ன வாங்கலாம் என்று பேசுவார்கள். கடையே அமைதியாகிவிடும். அவர்கள் கிளம்பிப் போன பிறகு ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அவங்க கேட்டுப்போட்டுப் போயிருவாங்க சாமி. எங்கிட்டக் கேட்டது ரெண்டு பக்கத்துக்கும் தெரிஞ்சு போயிரும். நான் இங்கதான இருக்கோணும்."

அவர் பயந்ததில் தப்பே இல்லை. துப்புச் சொன்னான் என்ற சந்தேகத்துக்கே காட்டில் உயிர் போனது. 1993 ஏப்ரலில் பாலாற்றுக் கண்ணிவெடியில் இறந்த 22 பேரில் போலீஸோடு அழைத்துப் போகப்பட்ட துப்புக்காரர்களும் உண்டு. இந்தப் பக்கம், சோறு போட்டான் என்ற சந்தேகத்துக்கு முகாமில் அடி. அதிரடிப்படையின் அத்துமீறல்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைக்க வேண்டி வந்தது. 2007-ல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது ஆணையம். சட்டத்துக்குள் இருந்த படையே இப்படி நடந்தது. பெயரும் முகவரியும் தெரியாத ஜீப்காரனை எந்தக் குழு விசாரிக்கும்? கடைசியில் 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே ஆம்புலன்ஸ் வண்டிக்குள் வீரப்பன் கதை முடிந்ததும் உள்ளே ஆள் வைத்து, மாதக்கணக்கில் பொறுத்திருந்த வேலையால்தான். பைனாகுலர்காரர்கள் அதற்கு வெகு முன்பே வீடு திரும்பியிருந்தார்கள். பெரியவர் அங்கேயேதான் இருந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் தேவைப்பட்ட உடம்போடு ஃபாக்னர் மலை ஏறுவதை எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்தி அபாரம். இரக்கம் கேட்காமல் இரக்கம் வரவைத்திருக்கிறாய். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடைத்திருக்கிறாய். உன் வயதில் இப்படி எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. தேடிப் போனவனின் உடம்பை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்த உனக்கு, தேடப்பட்ட ஊரில் இருக்கிறவர்களையும் பார்க்க முடியும்.

கட்டுரையைப் புத்தகத்தில் சேர்க்கப் போவதாகச் சொன்னார்கள். இப்படியே சேர்க்காதே. கடைசிப் பக்கத்தை எடுத்துவிடு. காபூல் வீட்டை எழுது. முடிந்தால் மேட்டூர்ப் பக்கம் ஒரு நடை போய் வா. அந்த வருஷங்களைக் கடந்து வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவசரப்படாமல் உட்கார்ந்தால் பேசுவார்கள்.